பிழைக் கட்டளையும் பொறியின் ஆலோசனையும்

வழி தெரியாத பிரயாணி ஒருவன் எதிர்ப்பட்டவனை நோக்கி ஊருக்குச் செல்லும் பாதையை வினவுகின்றான். எதிர்ப்பட்டவன் "யான் அறியேன்" என்று கூறிவிடின் பிரயாணிக்கு நேரும் நட்டம் சிறிது. அடுத்து வருவோனை வினவிக்கொள்வான். அறியாதவனே அறிந்தான் போலக் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டிவிடின், அந்நட்டம் இரண்டு நாழிகை நடந்த பின்னரே புலப்படும். மக்களிடத்து எல்லாரும் ஒப்புக்கொள்ளும் இச்சிறு உண்மையைக் கணினிக்குரிய கருவிகளைச் சமைப்போர் போதிய அளவு கருதிப் பார்த்திலர் என்பது என் அபிப்பிராயம். அதனை நம் கலாசாலை மாணாக்கர்க்கும் பழைய மாணாக்கர்க்கும் எடுத்துரைக்கவே இதனை எழுதத் துணிந்தேன். கணினியிற் பழக்கமில்லாத அன்பர்களும் படித்தறியுமாறு இயன்றவரை எளிதிற் சொல்லுவேன்.

இந்நாளிற் பெரும்பாலோர் படங்களைத் தொட்டும் சுட்டியை நகர்த்தியுமே கணினியை ஆளுகின்றனர். ஆயினும் அதனுள்ளே புகுந்து வேலை செய்வார்க்குப் பழைய முறையொன்று இன்னும் உரியதாயிருக்கின்றது. அதற்குக் கட்டளை வரி என்று பெயர். திரையில் ஒரு வெற்றிடம், அதன்கண் மினுக்கும் சிறுகோடு ஒன்று, அவ்வளவே. செய்யவேண்டுவது யாதென்பதை எழுத்துக்களால் எழுதி விசையை அழுத்தினால், பொறி அதனைச் செய்கின்றது. கட்டளைகளோ மிகக் குறுகியவை. கோப்புக்களின் பெயர்களைப் பட்டியலாகக் காட்டுதற்கு ஆங்கில எழுத்துக்களாகிய எல், எஸ் என்னும் இரண்டே போதும். இவ்விரண்டும் முறை மாறி எஸ், எல் என்று விழுந்துவிடின், பொறிக்கு அது முற்றும் வேறொரு சொல். விரைந்து எழுதும் கைகளுக்கு இப்பிழை மிக இயல்பு. பல்லாண்டு பழகிய கைகளும் இதற்கு விலக்கல்ல. என் கையும் அத்தகையதே.

சென்ற ஆண்டில் ஒரு பிற்பகல், முதலாண்டு மாணாக்கர் சிலர் பரிசோதனைச் சாலையிற் பயின்றுகொண்டிருக்க, யான் அவர்களின் பின்னே உலாவிக்கொண்டிருந்தேன். கிராமத்துப் பள்ளியிலிருந்து புதிதாக வந்த மாணவன் ஒருவன், கட்டளை வரியை அந்த வாரத்திலேதான் முதன்முதலாகக் கண்டவன், பட்டியலைக் காணவேண்டி எஸ்எல் என்று எழுதிவிட்டான். அத்தகைய கட்டளை இங்கில்லை என்றும், ஆயினும் அதனை நிறுவிக்கொள்ளலாம் என்றும், நிறுவுதற்கு எழுதவேண்டிய தொடர் இன்னதென்றும் பொறி ஆங்கிலத்தில் அறிவித்தது. ஆசிரியர் சொல்லை நம்புவது போலவே பொறியின் சொல்லையும் நம்பிய அவன், அத்தொடரை ஓரெழுத்தும் பிழையாமற் பார்த்தெழுதினான். பொறி கடவுச்சொல்லை வினவிற்று, கொடுத்தான். உடனே, இவன் அதிகாரம் பெற்றோர் பட்டியலில் இல்லாதவன், இந்நிகழ்ச்சி அறிவிக்கப்படும் என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் திரையிற் தோன்றிற்று. அவன் முகம் வெளிறிவிட்டது. விசைப்பலகையினின்றும் கைகளை எடுத்து மடிமீது வைத்துக்கொண்டான். "ஐயா, நான் ஒன்றுமே செய்யவில்லை" என்றான்.

அவன் கூறியது மெய்யே. இரண்டெழுத்தை முன்பின்னாக எழுதியது ஒன்றே அவன் செயல். ஏனையவற்றையெல்லாம் செய்வித்தது பொறி. தானே ஒரு வழியைக் காட்டி, அவ்வழியிற் சென்றவனைத் தானே குற்றவாளியாக்கிற்று. இதில் மற்றொரு விநோதமும் உண்டு. அவன் நிறுவ முயன்ற அந்த எஸ்எல் யாதெனின், ஜப்பானியராகிய டொயோடா மசாஷி என்பார் 1993-ஆம் ஆண்டில் இயற்றிய ஒரு வேடிக்கை நிரல். எல்எஸ் என்பதைப் பிழைபட எழுதுவோரைக் கேலி செய்தற்கென்றே அமைந்தது அது. அதனை நிறுவி வைத்திருக்கும் கணினியில் எஸ்எல் என்று எழுதினால், எழுத்துக்களால் வரையப்பட்ட புகைவண்டி எஞ்சின் ஒன்று புகை கக்கிக்கொண்டு திரையின் வலப்பக்கத்தினின்றும் இடப்பக்கத்துக்கு ஓடும். ஓடி முடியும்வரை, வழக்கமாக நிறுத்தும் விசைகளுக்கும் அது செவிசாய்ப்பதில்லை. நல்ல நகைச்சுவை, இயற்றியவர்மீது எனக்கு யாதொரு குறையுமில்லை. ஆயின், பட்டியல் வேண்டிய மாணவனை நோக்கி "எல்எஸ் என்று எழுதக் கருதினீரோ?" என்று வினவவேண்டிய பொறி, அப்பிழையையே கேலி செய்யும் பொம்மையை வாங்கிக்கொள்ளுமாறு உபதேசிப்பதை என்னென்பது! அவன் எழுதிய பிழையும் ஒரு பொதியின் பெயரும் எழுத்துக்கெழுத்து ஒத்திருந்தமையால், அதற்கு வேறு சிந்தனை தோன்றவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

நிற்க. பொறி இங்ஙனம் ஆலோசனை கூறும் வழக்கம் எவ்வாறு வந்ததென்பதைச் சிறிது நோக்குவோம். கட்டளை வரிக்குப் பெருமை தந்த யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்திற் பிறந்தது. அக்காலத்தில் அதனை ஆண்டவர்க்குப் பெரும்பாலும் திரையில்லை. டெலிடைப் 33 போன்ற தட்டச்சுப் பொறியே கணினியின் வாயும் செவியுமாயிருந்தது. அது விநாடிக்குப் பத்தெழுத்துக்களையே காகிதத்திற் பொறிக்க வல்லது. அறுபதெழுத்துக்கொண்ட பிழைச் செய்தி ஒன்றைப் படிக்க ஆறு விநாடி காத்திருத்தல் வேண்டும். ஆகவே கட்டளைகளும் குறுகின. பொறியின் மறுமொழிகளும் குறுகின. கென் தாம்ஸன் இயற்றிய எட் என்னும் எழுத்துத் தொகுப்பி, எத்தகைய பிழைக்கும் ஒரு வினாக்குறியை மாத்திரம் பொறித்துவிட்டு வாளாவிருந்தது. வேகமானி முதலிய கருவிகள் எவையுமின்றி, பழுது நேர்ந்தாற் பெரியதொரு வினாக்குறி மட்டும் ஒளிரும் மோட்டார் வண்டியை அவர் வைத்திருப்பதாக வல்லுநரிடையே ஒரு வேடிக்கைக் கதை நெடுங்காலம் வழங்கிற்று. மௌன குருவிடம் பாடங்கேட்பது போன்ற நிலை அது. பக்குவமுள்ளவன் உணர்ந்துகொண்டான், மற்றையோன் வாயிற்படியிலேயே நின்றான்.

மௌனத்துக்கு நேரெதிரான கொள்கையும் ஏறக்குறைய அதே காலத்திற்றான் பிறந்தது. வாரென் டைட்டல்மன் என்பார் 1960-களின் பிற்பகுதியில் லிஸ்ப் என்னும் நிரல்மொழிக்கு டுவிம் என்றதோர் ஏற்பாட்டைச் செய்தார். "யான் எதைக் கருதினேனோ அதைச் செய்" என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களே அப்பெயர். எழுதியவன் பிழைத்தால் பொறி அவன் கருத்தைத் தானே ஊகித்துத் திருத்திக்கொண்டு மேலே செல்லும். பின்னர் அவர் பணிபுரிந்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தில் நிகழ்ந்ததாக ஒரு கதை, கணினி வல்லுநரின் பரிபாஷைக் கோவையாகிய ஜார்கன் ஃபைல் என்னும் தொகுப்பிற் காணப்படுகின்றது. அங்கு வழங்கிய எழுத்துத் தொகுப்பி, திருத்துமுன் இருந்த பழைய படிகளின் பெயரிறுதியில் டாலர்க் குறியைச் சேர்த்து வைப்பது வழக்கம். அப்பழைய படிகளை மட்டும் அழித்து இடம் பெறக் கருதிய ஒருவர், எப்பெயராயினும் என்று பொருள்படும் நட்சத்திரக் குறியோடு டாலர்க் குறியையும் சேர்த்து அழித்தற் கட்டளையை எழுதினார். அத்தகைய படி ஒன்றும் அன்று இருக்கவில்லை. பொறியோ இல்லை என்று கூறி நில்லாமல், டாலர்க் குறி கைப்பிழையால் வந்ததென்று தானே முடிவுசெய்து, நட்சத்திரக் குறியை மட்டும் எடுத்துக்கொண்டது. அஃதாவது, கோப்புக்கள் அனைத்தையும் அழிக்கத் தொடங்கிற்று. ஆறு கோப்புக்கள் அளவில் அழிந்தபின் அவர் பொறியை வலிந்து நிறுத்திவிட்டாராம். டைட்டல்மனை அவருடைய நாற்காலியிற் கட்டிவைத்து, அவர் பொறியிலே அதே கட்டளையை இருமுறை எழுதவேண்டும் என்று தமக்குத் தோன்றியதாகவும் பின்பு கூறினாராம்.

வினாக்குறிக்கும் இத்துணிச்சலுக்கும் இடைப்பட்டனவே இன்று நம் கையிலுள்ள கருவிகள். அவை எவ்வளவைக் கொண்டு நம் கருத்தை ஊகிக்கின்றன என்பதை அறிந்தால், அவை பிழைக்கும் இடமும் தானே விளங்கும். ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளராகிய ஃபிரெடெரிக் டாமெரா 1964-ஆம் ஆண்டில், எழுத்துப் பிழைகளுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை ஒரே பிழையுடையன என்றும், அப்பிழையும் ஓரெழுத்து மாறுதல், விடுபடுதல், மிகுதல், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறுதல் என்னும் நான்கனுள் ஒன்றே என்றும் எடுத்துக்காட்டினார். மறு ஆண்டில் ருஷிய நாட்டுக் கணித அறிஞராகிய விளாதிமிர் லெவன்ஷ்டைன், செய்தி அனுப்பும் குறியீடுகளைப் பற்றி ஆராயுங்கால், ஒரு தொடரை மற்றொரு தொடராக்குதற்கு எத்தனை திருத்தம் வேண்டும் என்னும் எண்ணிக்கையை இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமாகக் கொண்டார். இன்றைய கருவிகள் பல இவ்விருவரின் வழியையே பின்பற்றுகின்றன. நிரல்களின் பதிப்புக்களைப் பேணும் கிட் என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். அது எழுத்து இடம் மாறியதற்குத் தண்டம் சுழி என்றும், விடுபட்டதைச் சேர்ப்பதற்கு 1 என்றும், ஒன்றை மற்றொன்றாக மாற்றுதற்கு 2 என்றும், மிகையானதை நீக்குதற்கு 3 என்றும் விதித்து, தண்டம் மிகக் குறைந்த கட்டளையை எடுத்துக் காட்டுகின்றது. மனிதர் கை எவ்வாறு பிழைக்கும் என்பதை அறிந்தோர் வகுத்த முறை இது என்பதில் ஐயமில்லை.

ஆயின் எழுத்தின் அண்மை வேறு, பொருளின் அண்மை வேறு. தமிழ் பயிலுவோர் இதனை உணர்தற்கு நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. அரம் என்பதற்கும் அறம் என்பதற்கும் ஓரெழுத்தே வேற்றுமை. கொல்லன் பட்டறையில் அரம் கேட்டவனுக்கு அறத்தைப் போதித்தால் அவன் யாது செய்வான்? கட்டளை வரியில் இச்சங்கடம் நம் மொழியினும் மிகுதி. ஏனெனில் அங்குள்ள சொற்களுட் பல ஈரெழுத்துக்களாலாயவை. ஆர், எஸ் என்று ஒருவன் பிழையாக எழுதினானென்று கொள்வோம். எல்எஸ் என்பது அதற்கு ஓரெழுத்துத் தூரத்திலுள்ளது. ஆர்எம் என்பதும் ஓரெழுத்துத் தூரத்திலேயே உள்ளது. முன்னது கோப்புக்களைக் காட்டுவது. பின்னது கோப்புக்களை அழிப்பது. தூரத்தை மட்டும் அளக்கும் கோலுக்கு இரண்டும் ஒன்றே. எழுதியவன் அன்று காலைமுதல் எல்எஸ் என்பதை எத்தனை முறை எழுதினான் என்பது பொறியின் குறிப்பேட்டிற் பதிந்து கிடக்கின்றது. அதனைத் திறந்து பார்த்தால் அவன் கருத்து ஒருவாறு விளங்கும். ஃபிஷ் என்னும் கட்டளைச் சூழல் எழுதும்போதே பழைய கட்டளைகளை நோக்கி, இதுவோ என்று மங்கலான எழுத்தில் எடுத்துக்காட்டுகின்றது; விரும்பினால் ஏற்கலாம், விரும்பாவிடின் எழுதிக்கொண்டே போகலாம். அம்முறை எனக்கு மிகவும் உவப்பானது. ஆயினும் பிழைத்த பின்னர் வந்து பேசும் கருவிகளுட் பெரும்பாலானவை அக்குறிப்பேட்டைத் தீண்டுவதேயில்லை.

கிட் கருவியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். ஒத்த கட்டளை ஒன்றே காணப்படுமாயின், குறித்த நேரம் காத்திருந்து பொறி தானே அதனை நடத்திவிடுமாறு ஒரு வசதி 2008-ஆம் ஆண்டில் அதிற் சேர்க்கப்பட்டது. விரும்புவோர் மட்டும் அமைத்துக்கொள்ளும் வசதியே அது, கட்டாயமன்று. காத்திருக்கும் நேரத்தை ஓரெண்ணாற் குறித்தல் வேண்டும். அவ்வெண் விநாடியைக் குறிப்பதன்று. விநாடியின் பத்திலொரு பங்கைக் குறிப்பது! கணினி உலகில் 1 என்பது 'ஆம்' என்பதற்கும் சுழி என்பது 'இல்லை' என்பதற்கும் அடையாளமாக வழங்குவது யாவரும் அறிந்ததே. ஆகவே இவ்வசதியை வேண்டுவோர் 'ஆம்' என்று கருதி 1 என எழுதினால், பொறி தன் ஊகத்தைத் திரையில் அறிவித்து, பத்திலொரு விநாடி பொறுத்திருந்து, அதனை நடத்திவிடும். கண்ணிமைக்கும் நேரத்துள் ஒரு வாக்கியத்தைப் படித்து, அது தவறென்று தெளிந்து, நிறுத்தும் விசையையும் அழுத்த வல்லவர் எவர்? மறுக்க இடங்கொடுப்பதாகச் சொல்லி மறுக்க நேரங்கொடாமை இது. 2025-ஆம் ஆண்டில் இதனை மாற்றி, 1 என்பதற்கு 'உடனே நடத்துக' என்றே பொருள் வகுத்துவிட்டனர். ஆபத்துக் குறையவில்லை; ஆயினும் பெயராவது நேர்மையாயிற்று.

சிறு குறைகளைப் பற்றி நெடிது பேச விரும்புகின்றிலேன். பைத்தான் மொழியின் உரையாடற் சூழலில், வெளியேறக் கருதி எக்ஸிட் என்று எழுதினால், பிறைக்குறிகளையும் சேர்த்து எழுதுமாறு அறிவுறுத்திவிட்டு அது அவ்விடத்திலேயே நின்றது. 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த 3.13 என்னும் பதிப்பிலேதான் சொன்னவுடன் வழிவிடக் கற்றுக்கொண்டது. கருத்தை ஐயமறத் தெரிந்துகொண்டும் செய்ய மறுத்த காவற்காரன் அது! இதற்கு மாறாக, என்பிஎம் என்னும் பொதிக் கருவி, இன்ஸ்டால் என்பதில் எஸ் என்னும் எழுத்து என் என்பதற்கு முன்னே விழுந்து பிழைபட்டாலும், ஒரு சொல்லும் பேசாமல் அதனையே சரியான கட்டளையாக ஏற்றுக்கொள்ளுகின்றது. அப்பிழை வடிவம் அதன் மாற்றுப்பெயர்ப் பட்டியலிலேயே எழுதப்பட்டுள்ளது. ஐயத்துக்கிடமில்லாத இடத்தில் இது செய்யத்தக்கதே என்பேன். இஸட்-ஷெல் என்னும் சூழலோ திருத்தத்தைக் காட்டி, ஏற்கவா, மறுக்கவா, கைவிடவா, நீரே திருத்துகின்றீரா என்று வினவி நிற்கின்றது. இந்நான்கும் போதும், இதற்குமேல் ஒரு கருவியிடம் மரியாதையை எதிர்பார்த்தல் மிகை.

இனி, எனக்கு மெய்யாகவே அச்சந்தரும் பகுதிக்கு வருகின்றேன். மேற்கூறிய கிட் முதலியன தம்மிடத்துள்ள கட்டளைகளுள் ஒன்றையே எடுத்துக்காட்டுகின்றன. அப்பட்டியலை வகுத்தவர் இன்னாரென்பது தெரியும். நம் மாணவனுக்கு நேர்ந்தது அவ்வகையன்று. அங்கே பொறி தன்னிடமில்லாத ஒன்றை வெளியிலிருந்து கொணருமாறு கூறிற்று. வெளியே உள்ள பொதுக் களஞ்சியங்களிற் சிலவற்றில் எவரும் எப்பெயரிலும் தம் பொதியை வைத்தல் கூடும். ஜெர்மனியிலுள்ள ஹாம்பர்க் சர்வகலாசாலை மாணவர் ஒருவர் 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆய்வின்பொருட்டு, பிரசித்தமான பொதிகளின் பெயர்களைச் சிறிது பிழைபட எழுதி, அப்பிழைப் பெயர்களில் தீங்கற்ற பொதிகளைச் சமைத்து மூன்று களஞ்சியங்களில் வைத்தார். 17,000-க்கு மேற்பட்ட கணினிகள் அவற்றை ஏற்று ஓட்டிவிட்டன. அவர் நல்லவர், ஆகவே எண்ணிக்கொண்டதோடு நிறுத்தினார். 2017-ஆம் ஆண்டில் மற்றொருவர் கிராஸ்-என்வ் என்னும் பொதியின் பெயரிலுள்ள இணைப்புக் கோட்டை மட்டும் நீக்கி, அப்பெயரில் என்பிஎம் களஞ்சியத்தில் ஒரு பொதியை வைத்தார். அதனை நிறுவியவரின் கணினிச் சூழல் மாறிகளை, அஃதாவது இரகசியத் திறவுகள் பலவும் வைக்கப்படும் இடத்தை, அது திருடி அனுப்பிற்று. கண்டுபிடித்து நீக்குதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் சென்றது.

இவையெல்லாம் எழுதியவன் பிழையால் விளைந்தவை என்று கூறலாம். ஆயின் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆக்குவா செக்யூரிட்டி என்னும் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட செய்தி இன்னும் கவலைக்குரியது. உபுண்டு என்னும் இயங்குதளத்தில், இல்லாத கட்டளையை எழுதியவர்க்கு இன்ன பொதியை நிறுவுக என்று கூறும் ஏற்பாடு, அதிகாரிகள் பேணும் பழைய களஞ்சியத்தோடு, ஸ்னாப் என்னும் புதிய களஞ்சியத்தையும் நோக்கிப் பெயர் கூறுகின்றது. பின்னதில் ஒரு பெயர் உரியவரால் எடுக்கப்படாமற் கிடக்குமாயின் வேறெவரும் அதனைத் தமதாக்கிக்கொள்ளலாம். ஜுப்பிட்டர்-நோட்புக் என்னும் பெயர், விஞ்ஞானம் பயிலும் மாணாக்கர் உலகெங்கும் நாடோறும் எழுதுவது. அதுவே அங்கே உரியவரின்றிக் கிடந்ததை அவர்கள் எடுத்துக்காட்டினர். பழைய களஞ்சியத்திலுள்ள கட்டளைகளில் நூற்றுக்கு 26 பங்கு இவ்வாறு பிறராற் கவரப்படக்கூடியவை என்பது அவர்களின் மதிப்பு. இங்கே மாணவன் பிழையொன்றும் செய்ததில்லை என்பதைக் கவனிக்க. அவன் சரியான பெயரையே எழுதினான். தன் கணினியில் அது இன்னும் நிறுவப்படவில்லை, அவ்வளவே. தன் சொந்தப் பொறி, தான் நம்பும் குரலில், ஓர் அந்நியனின் வாயிலைக் காட்டக்கூடும் என்பதை அவன் எங்ஙனம் அறிவான்?

என் நண்பராகிய ஓர் ஆசிரியரிடம் இதனை யான் கூறியபோது அவர் உடன்பட்டிலர். "ஆலோசனையைக் கேட்பதும் விடுவதும் கேட்பவன் பொறுப்பு. பத்து முறை பிழைத்தவனே தேறுவான். உம்முடைய கொள்கைப்படி போனால் மீண்டும் வினாக்குறிக்கே போய்ச் சேருவோம்" என்றார். வினாக்குறிக்குத் திரும்புதலை யானும் வேண்டேன். டாமெரா கண்டவாறு பிழைகளிற் பெரும்பகுதி ஓரெழுத்துப் பிழையாயிருக்க, அதனை எடுத்துக்காட்ட வல்ல பொறி வாய்மூடியிருத்தல் கருமித்தனமேயாகும். ஆனால் கேட்பவன் பொறுப்பு என்பதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள இயலாது. தேர்ந்தவன் அவ்வாலோசனையைக் கடைக்கண்ணால் நோக்கி, தள்ளத்தக்கதைத் தள்ளிவிடுகின்றான். அவனுக்கு அது வேண்டுவதுமில்லை. அதற்கு இலக்காகின்றவன் புதியவனே. தள்ளும் திறம் அவனிடத்தில் இல்லை; தள்ளலாம் என்பதுதானும் அவனுக்குத் தெரியாது. அன்றியும், அவ்வாலோசனை ஆங்கிலத்தில் வருகின்றது. ஆங்கிலத்தைப் பாடநூலளவிற் கற்றுவந்த நம் மாணவன், "நிறுவிக்கொள்ளலாம்" என்பதற்கும் "நிறுவுக" என்பதற்கும் உள்ள நுட்ப வேற்றுமையை ஆராய்ந்து நிற்பதில்லை. கட்டளை வடிவில் ஒரு தொடர் கண்முன் எழுதிக் காட்டப்பட்டிருக்கின்றது. அவன் அதனை எழுதுகின்றான். வினாவாக வருவது அவனளவில் விதியாக மாறிவிடுகின்றது.

ஆதலின் யான் வேண்டுவன மிகையானவை அல்ல. பொறி முதலில் "இக்கட்டளை இங்கில்லை" என்பதைத் தனியே, தெளிவாக, ஒரு வரியிற் கூறுக. ஊகம் கூறுவதாயின் தன்னிடமுள்ள கட்டளைகளையும் எழுதியவனின் குறிப்பேட்டையும் முன்னே நோக்குக. எஸ்எல் என்று எழுதியவனுக்கு எல்எஸ் என்பதன்றோ முதலில் நினைவுக்கு வரவேண்டும்! அழிக்கும் கட்டளைகளை ஊகமாக எடுத்துக்காட்டுதலையே விட்டுவிடுக. அழிக்க வேண்டுவோன் அதனைத் தானே திருத்தி எழுதிக்கொள்வான். வெளியிலுள்ள பொதியைக் கூறினால், அது எக்களஞ்சியத்தது, எவர் வைத்தது, இப்பயனர்க்கு அதனை நிறுவும் அதிகாரம் உண்டா என்பவற்றையும் உடன் கூறுக. இவற்றுட் கடைசியானது பொறிக்கு நொடியிற் தெரியக்கூடிய செய்தி. அதிகாரமில்லாதவனுக்கு அதிகாரத் தொடரை எழுதிக்கொடுத்துப் பின்பு அவனைக் கடிந்துகொள்வது, கதவைத் திறந்துவைத்துத் திருடனென்று கூவுவதை ஒக்கும்.

இக்காலத்திற் செயற்கை அறிவு வாய்ந்த துணைவர்கள் கட்டளை வரிக்குள்ளும் வந்துவிட்டன. எழுத்துத் தூரத்தை அளக்கும் பழைய கோலினும் அவை நம் கருத்தை நன்றாக ஊகிக்கின்றன, இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவை சிற்சில வேளைகளில் உலகிலேயே இல்லாத பொதிப் பெயர்களைத் தாமே படைத்து, நிறுவுமாறு நயமாக எழுதிக்கொடுப்பது ஆராய்ச்சியாளரால் எடுத்துக்காட்டப்பட்டிருக்கின்றது. இல்லாத பெயரை நாளை ஒருவன் உள்ள பெயராக்கிக்கொள்வதைத் தடுப்பார் யார்? முன்னெல்லாம் நம் பிழைக்காகக் காத்திருந்த வஞ்சகன், இனிப் பொறியின் பிழைக்காகவும் காத்திருப்பான்.

கருவிகள் திருந்தும்வரை நம் மாணாக்கர் செய்துகொள்ளத்தக்கது ஒன்று உண்டு. கிட் கருவியின் தானே திருத்தும் அமைப்பில் எண்ணை எழுதாமல் ப்ராம்ப்ட் என்னும் சொல்லை எழுதிவைத்தால், அது திருத்தத்தைக் காட்டி விடைக்குக் காத்து நிற்கும். எத்தனை நேரமாயினும் நிற்கும். முதலாண்டு மாணாக்கர் பயிலும் பொறிகளில் வெளிப்பொதியைக் கூறும் ஏற்பாட்டை நீக்கிவிடுமாறு பரிசோதனைச் சாலைப் பொறுப்பாளரை வேண்டினேன். அவரும் இசைந்து நீக்கிவிட்டார். இப்பொழுது எஸ்எல் என்று எழுதினால், அத்தகைய கட்டளை இல்லை என்று மட்டும் வருகின்றது. மாணாக்கர் ஒருவரையொருவர் எட்டிப் பார்த்து வினவிக்கொள்கின்றனர். சாலையிற் சத்தம் சிறிது மிகுந்துவிட்டதென்று பொறுப்பாளர் குறைப்படுகின்றார்.

அம்மாணவன் அன்று மாலை என் அறைவாயிலில் வந்து நின்றான். "ஐயா, அந்த அறிக்கை யாருக்குப் போகும்?" என்று வினவினான். உள்ளபடியே கூறினேன்: அது அப்பொறியிலுள்ள ஒரு கோப்பில் ஒரு வரியாகச் சென்று சேரும், அக்கோப்பை இதுகாறும் எவரும் திறந்து படித்ததாக யான் அறியேன். அதைக் கேட்டு அவனும் நகைத்தான், யானும் நகைத்தேன். மறுநாள் பரிசோதனைச் சாலையில், எல் என்னும் விசைமேல் ஒரு விரலையும் எஸ் என்னும் விசைமேல் ஒரு விரலையும் வைத்துக்கொண்டு, அழுத்துமுன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவாறு அவன் சிறிதுநேரம் உட்கார்ந்திருந்தான்.